மூளையில் ரத்தம் கசிந்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மறுபடி கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 68 வயது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று மூன்று ஆண்டுகளாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டு வந்தார். பிரஷரும் சர்க்கரையும் உண்டு. வால்வில் கோளாறு இல்லை என்று எக்கோவில் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வாரங்களுக்கு முன்பு ஒரு காலையில் இடது கையும் காலும் வராமல் போக, தருமபுரியில் ஸ்கேன் எடுத்ததில் மூளைக்குள் ரத்தக்கசிவு என்று தெரிந்தது. அன்று பிரஷர் 200-ஐத் தாண்டியிருந்தது; ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 4.6. இப்போது கோலூன்றி நடக்கிறார். நரம்பியல் மருத்துவர் அந்த மாத்திரையை இனித் தொடவே வேண்டாம் என்கிறார். பெங்களூரில் பார்த்த இதய மருத்துவர், உடனே தொடங்க வேண்டும், விட்டால் அடுத்த பக்கவாதம் அடைப்பால் வரும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நாளை ஏதாவது ஆகிவிட்டால், கொடுத்ததால் ஆனதா, கொடுக்காததால் ஆனதா என்று உறவுக்காரர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். அந்தப் பயம்தான் உங்கள் எழுத்தில் அதிகம் தெரிகிறது.

நான் நரம்பியல் நிபுணர் அல்ல. பொது மருத்துவம் படித்துவிட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலேயே நெடுங்காலமாக வைத்தியம் பார்ப்பவன். சேலத்திலும் பெங்களூரிலும் வேலூரிலும் உயிரைக் காப்பாற்றி அனுப்பிவைத்த பிறகு, அடுத்த பத்து ஆண்டுகள் அந்த நோயாளிகளைப் பார்ப்பது என் போன்றவர்கள்தான். உங்கள் அப்பாவின் ஸ்கேன் படம் என் கையில் இல்லை. எனவே கொடு, கொடுக்காதே என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முடிவு எதையெல்லாம் பொறுத்தது, அதில் எது உறுதியானது, எது இன்னும் தீராதது என்பதைச் சொல்கிறேன்.

இரண்டு மருத்துவர்களும் ஒருவரையொருவர் மறுப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை, இருவரும் வெவ்வேறு ஆபத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், இரண்டு ஆபத்தும் உண்மை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்தத் துடிப்புக் கோளாறில் இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும். இடது மேல் அறையின் ஓரத்தில் காதுமடல் போன்ற ஒரு சிறு பை இருக்கிறது. ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக் குழாயை அடைத்தால் அது அடைப்பு வாதம். உங்கள் அப்பாவின் வயது, பிரஷர், சர்க்கரை மூன்றையும் வைத்து, அடைப்பு வாத ஆபத்தைக் கணிக்கும் வழக்கமான மதிப்பெண் போட்டால் 3 வரும். இப்போது வந்தது கசிவு என்பதால் அதற்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் கிடையாது. மாத்திரை இல்லாமல் இருந்தால் இப்படிப்பட்ட 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு ஓராண்டில் அடைப்பு வாதம் வரும். வார்ஃபரின், அசிட்ரோம் வகை மருந்து அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும். இது நீண்ட நாளாக நிலைநாட்டப்பட்ட விஷயம். இதய மருத்துவர் இதைப் பார்க்கிறார். ஏற்கெனவே ஒருமுறை கிழிந்த குழாய், கிழிய வைத்த அதே பிரஷர், மேலே ரத்தம் உறையவிடாத மருந்து என்பதை நரம்பியல் மருத்துவர் பார்க்கிறார். அடைப்பைவிடக் கசிவு அதிகம் கொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, கசிவு மூளையின் எந்த இடத்தில் ஏற்பட்டது என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. வீட்டிலிருக்கும் ஸ்கேன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பேசல் கேங்லியா, தலாமஸ், பான்ஸ், சிறுமூளை என்று எழுதியிருந்தால் அது ஆழமான பகுதிக் கசிவு. அங்கே போகும் மெல்லிய குழாய்கள் பெரிய குழாயிலிருந்து நேராகக் கிளைப்பவை. பல ஆண்டுப் பிரஷரை அவைதான் தாங்குகின்றன. பிரஷரை அடக்கிவைத்தால் இந்த வகைக் கசிவு திரும்ப வரும் வாய்ப்பு ஆண்டுக்கு 100-க்கு ஒன்றிரண்டு என்ற அளவில் நிற்கும். அறிக்கையில் லோபார் என்றோ, ஃபிரான்டல், பெரைட்டல், டெம்போரல், ஆக்ஸிபிடல் மடல் என்றோ இருந்தால் அது மேற்பரப்புக்கு அருகிலுள்ள கசிவு. வயதானவர்களுக்கு அது வந்தால் அமிலாய்ட் என்ற புரதம் குழாய்ச் சுவரில் படிந்து நொறுங்கும் நோயாக இருக்கலாம். அந்த நோய் உறுதியானால் மறுகசிவு ஆண்டுக்கு 100-க்கு 7 பேர் வரை போகிறது. ஒரே வயது, ஒரே மருந்து, ஒரே துடிப்புக் கோளாறு; கசிந்த இடம் மாறினால் முடிவே தலைகீழாகிவிடும். இதற்காகத்தான் எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். வெறும் எம்.ஆர்.ஐ. போதாது. பழைய நுண்கசிவுகளைக் கறுப்புப் புள்ளிகளாகக் காட்டும் தனி எம்.ஆர்.ஐ. பட வரிசை ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். புள்ளிகள் ஆழத்தில் மட்டும் இருந்தால் பிரஷர் காரணம் என்பதற்கு வலு கூடும். மேற்பரப்பில் மட்டும் சிதறியிருந்தாலோ, மூளையின் மேல் மடிப்புகளில் இரும்புக்கறை படிந்திருந்தாலோ, மாத்திரையைத் திரும்பத் தொடங்க நானும் தயங்குவேன்.

அடுத்தது, ஏன் கசிந்தது. உங்கள் அப்பாவின் கதையில் இரண்டு காரணங்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன. பிரஷர் 200. ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவே இருக்க வேண்டியது, 4.6. கடைசியாக எப்போது ஐ.என்.ஆர். பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி முக்கியமானது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் இந்த மருந்தோடு சேர்ந்தால் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும், பிரஷரையும் ஏற்றிவிடும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை நன்றாகவே உயர்த்தும். கரும்பு வெட்டி, களை எடுத்து, முழங்கால் தேய்ந்தவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது; அசிட்ரோம் எழுதிக் கொடுத்த அன்றே, இதோடு எதைச் சாப்பிடக் கூடாது என்று உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முடிவுக்கு இது சாதகமான செய்தி. சரிசெய்யக்கூடிய காரணத்தால் கசிவு வந்திருந்தால், அந்தக் காரணங்களை நீக்கிய பிறகு கணக்கு மாறும். காரணமே தெரியாமல் கசிந்திருந்தால் எனக்குப் பயம் அதிகமாக இருக்கும்.

இனி ஆராய்ச்சிகள் சொல்வது. யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்து, இந்தக் கேள்விக்கென்றே நடத்தப்பட்ட ஆய்வுகள் சில வந்திருக்கின்றன, எல்லாமே சிறியவை. 2021-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 203 பேர், அதே ஆண்டு வந்த நெதர்லாந்து ஆய்வில் 101 பேர். இரண்டும் தெளிவான விடை தரவில்லை. 2025-இல் ஆறு ஐரோப்பிய நாடுகளில் 319 பேரை வைத்து நடந்த பிரெஸ்டீஜ் ஆய்வு வெளியானது. கசிவுக்குப் பிறகு புதிய வகை மாத்திரை பெற்ற 158 பேரில் ஒருவருக்குத்தான் அடைப்பு வாதம் வந்தது. மாத்திரை பெறாத 161 பேரில் 20 பேருக்கு வந்தது. அசத்தலான பலன்தான். ஆனால் மறுபக்கத்தில், மாத்திரை பெற்றவர்களில் 11 பேருக்கு மூளையில் மறுபடி கசிந்தது. பெறாதவர்களில் ஒருவருக்கு மட்டும். உங்கள் இரண்டு மருத்துவர்களும் இதே ஆய்வின் ஆளுக்கொரு வரியைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: எடாக்ஸபான் என்ற மருந்தை வைத்து நடந்த என்ரிச் ஆய்வில், மேற்பரப்பு மடல்களில் கசிந்தவர்களுக்கு மறுகசிவு அதிகமாக வந்ததால் அவர்களைச் சேர்ப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இடம் முக்கியம் என்று நான் மேலே அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த எண்களை அப்படியே உங்கள் அப்பாவின் மேல் வைக்கக் கூடாது. பிரெஸ்டீஜ் ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பியர்கள், அவர்களில் பாதிப் பேர் 79 வயதோ அதற்கு மேலோ. உங்கள் அப்பா அவர்களைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். அவருக்குக் கசிந்தபோது ஐ.என்.ஆர். எல்லை மீறியிருந்தது. அடைப்பைத் தடுப்பதில் மாத்திரைக்குப் பலன் உண்டு என்பது உறுதி. கசிவைக் கூட்டும் என்பதும் உறுதி. ஆழமான கசிவு, அடங்கிய பிரஷர், அதிக அடைப்பு ஆபத்து மூன்றும் சேர்ந்தவருக்குத் திரும்பத் தொடங்குவது நன்மை தரும் என்பது பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. நிரூபணம் என்று சொல்லும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை. என் சொந்தக் கருத்தும் அந்தப் பக்கமே சாய்கிறது. நீங்கள் எழுதிய விவரம் மட்டும் உண்மையாக இருந்து, கசிவு ஆழத்தில்தான் என்று அறிக்கையும் சொன்னால், பிரஷர் அடங்கிய பிறகு மாத்திரையைத் தொடங்குவதையே நான் ஆதரிப்பேன். அதே மருந்தை அல்ல, அதற்கு வருகிறேன்.

எப்போது என்பதிலும் அவசரம் வேண்டாம். உடனே என்று இதய மருத்துவர் சொன்னதை நாளைக்கே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், துடிப்புக் கோளாறு மட்டும் உள்ளவர்களுக்குக் கசிந்து 7 முதல் 8 வாரம் கழித்துத் தொடங்குவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. நான்கு வாரத்திலேயே தொடங்குபவர்களும் உண்டு. ஆண்டுக்கு 100-க்கு 3 என்ற ஆபத்து, இன்னும் மூன்று வாரம் காத்திருந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பேரில் ஒருவர் அளவுக்குத்தான் வரும். அந்த மூன்று வாரத்தில் பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், பழைய ரத்தம் கரைந்துவிட்டதா என்று இன்னொரு ஸ்கேனில் பார்க்கலாம். காத்திருப்பது வீண் அல்ல.

மருந்து எது என்ற கேள்விக்கு எனக்குத் தயக்கமே இல்லை. வால்வில் கோளாறு இல்லாதவருக்கு அசிட்ரோமை மறுபடி எழுத வேண்டிய தேவை இல்லை. அபிக்ஸபான், டாபிகட்ரான் போன்ற புதிய மருந்துகள் மூளைக்குள் கசிவதை வார்ஃபரினோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கின்றன. மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்க பஸ் ஏறி வர வேண்டியதில்லை, கீரை அளவைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இப்போது பல இந்திய நிறுவனங்கள் அபிக்ஸபான் தயாரிப்பதால் விலையும் முன்பைவிட இறங்கியிருக்கிறது. தொடங்குமுன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அபிக்ஸபானின் முழு அளவு 5 மில்லிகிராம், காலையும் இரவும். 80 வயது அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது குறைவு, கிரியேட்டினின் 1.5 அல்லது அதிகம். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து இருந்தால்தான் 2.5 ஆகக் குறைக்க வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் 60 கிலோவைத் தொடாதவர்கள். எடை குறைவு, ஏற்கெனவே கசிந்தவர் என்று பயந்து பாதி அளவு எழுதிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். அது அடைப்பிலிருந்து முழுமையாகக் காக்காது. கசிவும் அந்த அளவுக்குக் குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொடுப்பதென்றால் சரியான அளவில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்த வேண்டும்.

இடைவழியாக இகோஸ்பிரின் என்ற ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்துவைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். துடிப்புக் கோளாறில் வரும் கட்டியை ஆஸ்பிரின் சரியாகத் தடுப்பதில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பெரிய ரத்தக்கசிவுகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. வாதம் மட்டும் ஆஸ்பிரின் பெற்றவர்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல். மனசாறுதலுக்காக ஆஸ்பிரின் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்து, அதற்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ சாப்பிட்டவருக்குக் கசிந்திருந்தால் அது தனிக் கதை. 2019-இல் பிரிட்டனில் 537 பேரை வைத்து நடந்த ஆய்வில், அவற்றைத் திரும்பத் தொடங்கியவர்களுக்கு மறுகசிவு கூடவில்லை.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதிலே ஆபத்தாகிவிடும். உலோக வால்வு வைத்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டு, இருபது முப்பது வயதில் உலோக வால்வு வைத்துக்கொண்ட பெண்கள் நம் மாவட்டங்களில் குறைவல்ல. அவர்களுக்குப் புதிய மருந்துகள் கூடாது. டாபிகட்ரானையும் அபிக்ஸபானையும் வால்வில் சோதித்த ஆய்வுகள் தீங்கு கண்டு நிறுத்தப்பட்டன. அசிட்ரோமோ வார்ஃபரினோதான். அவர்கள் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கவும் முடியாது. பொதுவாக இரண்டு வாரத்தை ஒட்டி, ஆபத்து மிக அதிகமாக இருந்தால் ஒரு வாரத்திலேயே, மருத்துவமனையில் வைத்துத் தொடங்குவார்கள். ஊத்தங்கரைப் பக்கத்து அம்மா ஒருவர், மூளையில் கசிந்து பிழைத்தவர், பயத்தில் மாதக்கணக்கில் மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஸ்டெதஸ்கோப் வைத்தால் உலோக வால்வின் டிக் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், அவருக்கு மங்கிப்போயிருந்தது. வால்வில் ரத்தம் கட்டியிருந்தது. அவரை அன்றே மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம், பிழைத்தார். மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போய் துடிப்புக் கோளாறும் உள்ளவர்களும் மருந்து எது என்ற விஷயத்தில் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு அவர்களுக்கு ரிவராக்ஸபானைவிடப் பழைய வகை மருந்தே மேல் என்று காட்டியது. அதனால் உங்கள் அப்பாவின் எக்கோ அறிக்கையில் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

மாத்திரையே வேண்டாம் என்று முடிவானால், முன்பு சொன்ன அந்தச் சிறு பையை, தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு அடைப்பானைக் கொண்டுபோய் மூடிவிடும் முறை இருக்கிறது. பெங்களூர், சென்னை, வேலூர் போன்ற இடங்களில் கேட்க வேண்டும். செலவு பெரிது, வைத்த பிறகும் சில காலம் ஏதாவது ஒரு மருந்து வேண்டும். அமிலாய்ட் வகைக் கசிவு உள்ளவர்களுக்கு யோசிக்கத் தக்கது. உங்கள் அப்பாவுக்கு முதல் வழியாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இப்போது நீங்களே செய்யக்கூடியதற்கு வருகிறேன். மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மறுகசிவைத் தடுப்பதில் பிரஷரைக் குறைப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. இலக்கு 130/80-க்குக் கீழே. கிளினிக்கில் ஒரு நாள் 140 இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். மேல்கையில் பட்டை கட்டும் இயந்திரம் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பேசாமல் இருக்கும்போது, நன்றாக இயங்கும் வலது கையில் பாருங்கள். வாதம் வந்த கையில் எண் மாறும். அரை மணி நேரம் முன்பு காபி, பீடி கூடாது. காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் பார்த்து, சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதிவையுங்கள். இரண்டு வாரக் கட்டங்கள் நிறைந்தால் எந்த மருத்துவருக்கும் அது ஒரு முழு அறிக்கை. மாத்திரைக்குக் காசில்லை, கூட்டிப்போக ஆளில்லை என்ற நிலையில் நிறுத்திவிடுபவர்கள் இங்கே பலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஊறுகாயும் கருவாடும் தட்டிலிருந்து போக வேண்டும். களியும் கீரையும் இருக்கட்டும். சாராயம் அறவே கூடாது. மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.

என் அனுபவத்தில் நான் அதிகம் பயப்படுவது தவறான முடிவைப் பார்த்தல்ல. முடிவே எடுக்காமல் விடப்பட்டவர்களைப் பார்த்துத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அசிட்ரோம் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். எதுவரை, யார் மறுபடி பார்ப்பார், எந்தத் தேதியில் என்று எதுவும் இருக்காது. ஒரு வீட்டில் அது மூன்று ஆண்டு அப்படியே நிற்கும். இன்னொரு வீட்டில், பழைய சீட்டைக் கொண்டுபோய் மகள் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருப்பார். அதனால் அடுத்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். எல்லா ஸ்கேன், எக்கோ, கிரியேட்டினின், காலண்டர் எண்கள், அப்பா போடும் எல்லா மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட ஒரே பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதய மருத்துவர் எழுதியதை அவர் முன் வைத்து, ஐயா, கசிவு எந்த இடம், நுண்கசிவுகள் இருக்கின்றனவா, எட்டாவது வாரத்தில் மறுபடி பார்த்து முடிவு சொல்வீர்களா என்று கேளுங்கள். முடிந்தால் அங்கிருந்தே இதய மருத்துவரோடு போனில் பேசச் சொல்லுங்கள்; கேட்டால் மறுக்காதவர்களே அதிகம். என்ன முடிவானாலும் காரணத்தோடும் தேதியோடும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவும் தங்கையும் அந்த அறையில் உங்களோடு இருக்கட்டும். அப்பாவிடமும் கேளுங்கள், எதற்கு அவர் அதிகம் பயப்படுகிறார் என்று.

அதுவரை அசிட்ரோம் வேண்டாம். மீதியிருக்கும் அட்டைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், முகம் கோணுதல், கைகால் புதிதாகத் தளர்தல், தூக்கக் கலக்கம் எதுவாக இருந்தாலும் 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வழியில் எந்த கிளினிக்கிலும் ஊசி போட நிறுத்த வேண்டாம். அடைப்பா கசிவா என்று ஸ்கேன் சொல்லும் முன் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. புதிய மாத்திரை தொடங்கியிருந்தால் அதன் அட்டையையும் கையோடு எடுத்துப்போய், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள்.